கதவு திறந்த மாளிகைகள்

கோடை விடுமுறை நெருங்கியதும் நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழுவது வழக்கம். "இவ்வாண்டு பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம்?" மதுரைத் திருமலை நாயக்கர் மகால், தஞ்சை அரண்மனை, குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் என்று ஆளுக்கோர் ஊரைச் சொல்லுவார்கள். அரசர் வாழ்ந்த மாளிகைகளைக் காண வேண்டும் என்னும் ஆவல் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. பெரியவர்களாகிய நமக்கும் அது உண்டு. ஆயினும் பயணச் செலவு, தங்கும் செலவு, விடுப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பார்த்தபின் அவ்வாவல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போய்விடுகிறது.

கொட்டிவாக்கத்தில் அரண்மனை கிடையாது. கடலோரத்தில் மீனவர் குப்பமும், அதன் மேற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையும், சாலையின் இருபுறமும் நாளுக்கு நாள் உயரும் அடுக்குமாடி வீடுகளுமே உண்டு. 2011-ஆம் ஆண்டில்தான் இவ்வூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆனால் இங்கிருந்து திருவான்மியூர் சென்று வடக்கே போகும் பேருந்தில் ஏறினால், நவாபு கட்டிய அரண்மனையையும், வெள்ளையர் கட்டிய மாளிகைகளையும், பெரியோர் வாழ்ந்த சிறு வீடுகளையும் ஒரே நாளில் பார்த்து வரலாம். பேருந்துக் கட்டணமும், கையில் கொண்டுபோகும் கட்டுச் சோறும் போதும். இம்மாதம் நம் வாசகக் குடும்பங்களை அப்படியோர் உலாவிற்கு அழைக்கிறோம்.

புறப்படுமுன் பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகளைக் கொடுத்து வைப்போம். ஒவ்வொரு வாயிலிலும் அவர்கள் இவற்றைக் கேட்கட்டும். இந்த வீடு யாருடைய பணத்தில் எழுந்தது? இதன் கதவு யாருக்காகத் திறந்தது? தூண்களின் உயரத்தையும் கூடங்களின் நீளத்தையும் வழிகாட்டிகள் சொல்லிவிடுவார்கள். இவ்விரு கேள்விகளுக்கும் விடையை நாமேதான் தேட வேண்டும்.

அடையாற்றங்கரையில்

முதலாவதாக அடையாற்றின் தென்கரையில் உள்ள பிரம்மஞான சபையின் வளாகம். ஹடில்ஸ்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் ஹடில்ஸ்டன் தோட்டம் என்று வழங்கிய இம்மாளிகையை 1882-ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் வாங்கினார்கள். அச்சபையின் கொள்கைகள் நம் விசுவாசத்தோடு ஒத்துப் போவன அல்ல. எனினும் இங்கு நடந்த இரண்டு செய்திகளை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, ஆல்காட் 1894-ஆம் ஆண்டில் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவசப் பள்ளி. தெருவில் நடக்கவும் கிணற்றில் நீர் எடுக்கவும் தடை செய்யப்பட்டிருந்தவர்களின் மக்கள் அங்கே எழுத்துக் கற்றார்கள்.

மற்றொன்று, குழந்தைக் கல்வியில் பெரும் புரட்சி செய்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் வருகை. இத்தாலியக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த இவர், 1939-ஆம் ஆண்டின் இறுதியில், தமது 69-ஆம் வயதில், ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க இங்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டில் இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கில அரசு அவரைப் பகை நாட்டுக் குடியாகக் கருதியது. அவருடைய மகன் மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் நடமாட்டத்திற்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 1940 ஆகஸ்டு 31, அம்மையாரின் 70-ஆம் பிறந்தநாளன்று மகன் விடுவிக்கப்பட்டுத் தாயிடம் வந்து சேர்ந்தார். 1946-ஆம் ஆண்டில் ஐரோப்பா திரும்பும்வரை இருவரும் இந்நாட்டிலேயே தங்கி ஆயிரத்திற்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். நம் மழலையர் பள்ளிகளில் பிள்ளைகள் மணிகளையும் மரக்கட்டைகளையும் கையில் எடுத்து எண்ணக் கற்கிறார்களே, அம்முறை தமிழகத்தில் வேரூன்றியதற்கு இத்தோட்டமும் ஒரு காரணம்.

இங்குள்ள பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989-ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் ஊன்றி நிற்கின்றன. வளாகத்தினுள் குறிப்பிட்ட நாட்களிலும் நேரங்களிலும் மட்டுமே பார்வையாளரை விடுகிறார்கள். முன்கூட்டியே கேட்டறிந்து செல்வது நலம்.

திரு.வி.க. பாலத்தைக் கடந்ததும், ஆற்றின் வடகரையில் வேறொரு மாளிகை. பிராடி கோட்டை என்பது இதன் பழம்பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியரான ஜேம்ஸ் பிராடி என்பவர் 1790-களின் இறுதியில் ஆற்றைப் பார்த்தவாறு கோட்டைக் கொத்தளம் போன்ற முகப்போடு இதை எழுப்பினார். கட்டியவர் அதில் நெடுங்காலம் நிம்மதியாக வாழவில்லை. கடன் நெருக்கியது. வீட்டைப் பிறருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு அவர் வேறிடம் போக நேர்ந்தது. இறுதியில் இதே ஆற்றில் படகு கவிழ்ந்து உயிர் நீத்தார். இன்று அதே மாளிகையில் அரசு இசைக் கல்லூரி நடைபெறுகிறது. 1950-களிலிருந்து நாகசுரமும் வீணையும் மிருதங்கமும் அங்கே ஒலித்து வருகின்றன. உள்ளே செல்ல இயலாவிடினும், வெளியே நின்று வீட்டுக் கடனைப் பற்றிச் சற்றே சிந்திப்பது, மாதத் தவணை கட்டிவரும் நம் குடும்பங்களுக்குப் பொருந்தாத செயலன்று!

பனிக்கட்டி வீடு

சாந்தோம் வழியாகச் செல்லும்போது பேராலயத்தில் இறங்கித் தோமையாரின் கல்லறையருகே செபித்துவிட்டு, கடற்கரையை ஒட்டிய காமராசர் சாலைக்கு வருவோம். அங்கே கடலைப் பார்த்து, வட்ட வடிவில், வேறெந்தக் கட்டடத்தையும் போலன்றி ஒரு மாளிகை நிற்கிறது. ஐஸ் ஹவுஸ் என்று முதியவர்கள் சொல்லும் இதன் இன்றைய பெயர் விவேகானந்தர் இல்லம்.

1842-ஆம் ஆண்டில் இதைக் கட்டியவர் அமெரிக்க வணிகராகிய பிரடெரிக் டியூடர். குளிர்காலத்தில் பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, ஏறத்தாழ நான்கு மாதக் கடற்பயணத்தின்பின் மதராசுக் கரையில் இறக்குவார்கள். கரையாமல் மிஞ்சியது இக்கட்டடத்தின் தடித்த சுவர்களுக்குள் காக்கப்பட்டது. வெள்ளைத் துரைமாரும் செல்வந்தரும் பானங்களைக் குளிர்விக்க அதை வாங்கினார்கள். பிற்பாடு நீராவி இயந்திரத்தால் இங்கேயே பனிக்கட்டி செய்யும் முறை வந்தது. டியூடரின் வணிகமும் படுத்தது.

பின்னர் உயர் நீதிமன்ற வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் இதை வாங்கி, சன்னல்களும் தாழ்வாரங்களும் அமைத்துக் குடியிருப்பாக மாற்றினார். சிகாகோவிலிருந்து புகழோடு திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாட்கள் இங்கே தங்கினார். அவர் பெயர் நிலைத்தது அதனால்தான். ஆனால் இவ்வீட்டின் மற்றொரு கதையை இன்று பலரும் மறந்துவிட்டனர்.

ஆர்.எஸ். சுப்புலட்சுமி என்னும் அம்மையார், விளையாடும் வயதிலேயே மணம் செய்விக்கப்பட்டு, விரைவிலேயே கணவனை இழந்தவர். அக்காலத்தில் அத்தகைய சிறுமிக்குத் தலையை மழித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, வீட்டின் இருண்ட மூலையில் இடம் ஒதுக்குவார்கள். இவருடைய தந்தையோ மகளைப் படிக்க வைத்தார். எழும்பூரில் பிரசன்டேஷன் கன்னியர் நடத்திய பள்ளியில் பயின்று, 1911-ஆம் ஆண்டில் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறர் பிள்ளைகளுக்காகத் தம் வாழ்நாளையே தந்துவிட்ட அக்கன்னியரின் தொண்டு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தம்மைப் போன்ற இளம் விதவைகளைக் கூட்டி, படிக்க வைத்து, ஆசிரியைகளாக்கும் பணியில் இறங்கினார். அவர்களுக்கான விடுதி நடந்த இடம் இந்தப் பனிக்கட்டி வீடுதான். 'சிஸ்டர்' சுப்புலட்சுமி என்றே நாடு அவரை அழைத்தது.

இருண்ட மூலையில் கிடந்த பெண் பிள்ளைகள் இந்த வட்ட மாளிகையின் சன்னலோரம் நின்று முதன்முறையாகக் கடலைப் பார்த்திருப்பார்கள். ஒரு வீடு செய்யக்கூடிய நன்மை இதைவிட வேறென்ன? இங்குள்ள கண்காட்சியைக் காண வரும் நம் பெண் பிள்ளைகளுக்கு இச்செய்தியைத் தவறாமல் சொல்லுங்கள்.

நவாபின் அரண்மனை

சிறிது தொலைவு வடக்கே சென்றால் சேப்பாக்கம் அரண்மனை. இவ்வுலாவில் அரசர் வாழ்ந்த மாளிகை என்று முழு உரிமையோடு சொல்லத்தக்கது இதுவே. ஆற்காட்டு நவாபு முகமது அலி வாலாஜா 1768-ஆம் ஆண்டில் இதில் குடியேறினார். உமாயூன் மகால், கலசு மகால் என இரு பகுதிகள். இந்திய முறையும் இசுலாமிய முறையும் கலந்த வளைவுகளும் குமிழ்களும் பிற்காலத்தில் சென்னையில் எழுந்த பல அரசுக் கட்டடங்களுக்கு முன்மாதிரியாயின.

இதைக் கட்டித் தந்தவர் பால் பென்பீல்டு என்பர். கம்பெனியின் பொறியாளராக வந்த இவர், நவாபுக்குக் கடுவட்டிக்குப் பணம் கொடுத்துப் பெருஞ்செல்வர் ஆனார். அவரைப் போன்றே கம்பெனி ஊழியர் பலரும் நவாபுக்குக் கடன் கொடுத்தனர். கடனுக்கு ஈடாக நவாபு தம் நாட்டின் வரி வருவாயை எழுதிக் கொடுத்தார். முடிவில் வட்டியைக் கட்டியவர்கள் யார்? தஞ்சையிலும் ஆற்காட்டிலும் ஏர் பிடித்த உழவர்களே. 'ஆற்காட்டு நவாபின் கடன்கள்' என்னும் இவ்விவகாரம் இலண்டன் வரை நாறியது. 1785 பிப்ரவரியில் எட்மண்டு பர்க் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் இதைக் கண்டித்து ஆற்றிய உரை வரலாற்றுப் புகழ் பெற்றது.

1801-ஆம் ஆண்டில் நாட்டின் ஆட்சி கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1855-ஆம் ஆண்டில் கடைசி நவாபு குலாம் கவுசு கான் மகப்பேறின்றி இறந்ததும் நவாபுப் பட்டமும் முடிவுற்றது. கடனுக்காக அரண்மனை ஏலத்திற்கு வந்தது. அரசே அதை எடுத்துக்கொண்டு அலுவலகங்களை நிறுவியது. நவாபின் உறவினருக்குப் பின்னர் 'ஆற்காட்டு இளவரசர்' என்னும் பட்டம் கிடைத்தது. அக்குடும்பம் 1876-ஆம் ஆண்டில் இராயப்பேட்டை அமீர் மகாலில் குடியேறி இன்றும் அங்கே வாழ்கிறது. 1971-ஆம் ஆண்டில் இந்திய மன்னர்களின் மானியங்கள் ஒழிக்கப்பட்டபோதும் அப்பட்டம் நீடித்தது. அமீர் மகால் குடும்பத்தார் வாழும் இல்லமாதலால், திரும்பும் வழியில் அதன் செந்நிற வாயிலைச் சாலையிலிருந்தே பார்த்து வருவோம்.

சேப்பாக்கம் அரண்மனை அண்மைக் காலத்தில் ஒரு பேரிடரையும் கண்டது. 2012 சனவரி 16-ஆம் நாள் இரவில் கலசு மகாலில் தீப்பற்றியது. அணைக்கச் சென்ற தீயணைப்பு நிலைய அலுவலர் ஒருவர் இடிபாட்டில் சிக்கி உயிரிழந்தார். கருகி நின்ற சுவர்களை இடித்துத் தள்ளிவிடலாம் என்னும் எண்ணத்திற்கு இடங்கொடாமல், பொதுப்பணித் துறையினர் சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்த பழைய சாந்து முறையில் அதை மீட்டெடுத்தனர். இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு நடைபெறுகிறது. ஏரியை மூடுகிறார்கள், ஆற்றில் கழிவைக் கொட்டுகிறார்கள் என்று முறையிட எளிய மீனவரும் உழவரும் இன்று அவ்வரண்மனையின் படியேறலாம். அவர்களுடைய முன்னோரின் வரிப்பணத்தில் எழுந்த படிகள் அல்லவா அவை!

வெற்றிக்குக் கட்டிய மண்டபம்

அங்கிருந்து அண்ணா சாலைப் பக்கம் திரும்பினால், உயர்ந்த படிக்கட்டுகளோடு வெண்மையாக நிற்பது இராசாசி மண்டபம். பிளாசிப் போரிலும் திப்பு சுல்தானுக்கு எதிரான சீரங்கப்பட்டினப் போரிலும் ஆங்கிலேயர் பெற்ற வெற்றிகளின் நினைவாக, ஆளுநரின் விருந்து மண்டபமாக 1802-ஆம் ஆண்டில் இது கட்டி முடிக்கப்பட்டது. வரைபடம் அமைத்த கோல்டிங்காம் ஒரு வானியலாளர்.

வெற்றிக் களிப்பிற்கென எழுந்த இம்மண்டபம் தமிழகத்தின் கண்ணீர்க் கூடமாக மாறியது. 1969-இல் அண்ணா, 1972-இல் இராசாசி, 1975-இல் காமராசர், 1987-இல் எம்.ஜி.ஆர்., 2016-இல் செயலலிதா, 2018-இல் கருணாநிதி ஆகியோரின் உடல்கள் இப்படிக்கட்டின் மேலேதான் மக்களின் இறுதி வணக்கத்திற்காக வைக்கப்பட்டன. ஒரு காலத்தில் ஆளுநரின் அழைப்பிதழ் இல்லாமல் எவரும் மிதிக்க முடியாத படிகளை, செருப்பில்லாக் கால்கள் இலட்சக்கணக்கில் சூழ்ந்து நின்றன.

அருகில் இருந்த பழைய ஆளுநர் மாளிகை இப்போது இல்லை. புதிய சட்டமன்ற வளாகத்திற்காக அது இடிக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அவ்வளாகம் 2014-ஆம் ஆண்டில் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாயிற்று. பழைய மாளிகை போனதே என்னும் வருத்தம் நமக்கு உண்டு. இடிக்காமலே வழி கண்டிருக்கலாம் என்றே எண்ணுகிறோம். எனினும் ஆளுநர் விருந்தளித்த நிலத்தில் ஏழை நோயாளி கட்டணமின்றிச் சிகிச்சை பெறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வேண்டும்.

கோட்டைக்குள் செல்ல நேரமிருப்பின், அங்கே கிளைவ் மாளிகை ஒன்றைப் பார்த்துவிடலாம். இராபர்ட் கிளைவ் 1753-ஆம் ஆண்டில் கோட்டையின் புனித மரியன்னை ஆலயத்தில் மணம் முடித்த காலத்தில் தங்கிய வீடு என்பதால் அப்பெயர். ஆனால் வீடு அவருடையதன்று. ஷாமியர் சுல்தான் என்னும் ஆர்மீனிய வணிகருடையது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னை 1749-இல் ஆங்கிலேயரிடம் திரும்பியபோது, பகைவருக்குத் துணை நின்றார்கள் என்று ஐயுற்று, ஆர்மீனியரையும் கத்தோலிக்கரையும் கோட்டையிலிருந்து வெளியேற்றினார்கள். இவ்வீடு பறிக்கப்பட்டது. 1642-ஆம் ஆண்டிலிருந்து கோட்டையில் மறைப்பணி புரிந்துவந்த கப்புச்சின் துறவியரின் கோவிலும் இடிக்கப்பட்டது. செவ்வாய்க் கிழமைகளில் அந்தோணியாரைத் தேடி நம் தாய்மார்கள் செல்லுகின்ற ஆர்மீனியன் தெருக் கோவிலைப் பிற்பாடு எழுப்பியவர்கள் அத்துறவியரே. வீடு இழப்பது இன்னதென்று நம் முன்னோரும் அறிந்திருந்தார்கள்.

இரண்டு வாடகை வீடுகள்

மாளிகைகளைப் பார்த்துக் களைத்த கண்களுக்கு, இறுதியாக இரண்டு எளிய வீடுகள். ஒன்று திருவல்லிக்கேணித் துளசிங்கப் பெருமாள் கோவில் தெருவில் உள்ளது. 1921 செப்டம்பரில் பாரதியார் உயிர் நீத்த வீடு. அவர் அதில் வாடகைக்குக் குடியிருந்தார். அரசு அதை வாங்கி 1993-ஆம் ஆண்டில் நினைவில்லமாக்கியது. மற்றொன்று தியாகராயநகர்த் திருமலைப் பிள்ளை சாலையில் உள்ள காமராசர் இல்லம்.

1954 முதல் 1963 வரை ஒன்பதாண்டு முதலமைச்சராயிருந்த காமராசர் வாழ்ந்ததும் வாடகை வீட்டில்தான். அவர் ஆட்சியில் ஊர்தோறும் பள்ளிகள் திறந்தன. 1956-ஆம் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியது. இவ்வளவையும் செய்தவரின் தாயார் சிவகாமி அம்மையார் விருதுநகரில் தம் சிறிய வீட்டிலேயே வாழ்ந்து மறைந்தார். 1975 அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த அதே நாளில், காமராசர் தியாகராயநகர் வீட்டில் இறந்தபோது அவருக்கென்று ஒரு வீடோ நிலமோ இருக்கவில்லை. அவர் பயன்படுத்திய கட்டிலையும் உடைகளையும் நூல்களையும் அங்கே இன்றும் காணலாம். காலையில் நாம் வந்த கடற்கரைச் சாலைக்கு இன்று அவர் பெயர்.

பேருந்தில் திரும்பும்போது நம் பிள்ளைகளிடம் அவ்விரு கேள்விகளுக்கும் விடை கேளுங்கள். கடன் வாங்கிக் கட்டியவர்களின் பெயர் கடனோடு நின்றதையும், அடுத்தவர் வீட்டைப் பறித்தவரின் பெயர் அவ்வீட்டுக்கே வந்து சேர்ந்ததையும், பள்ளியும் விடுதியும் மருத்துவமனையும் ஆன கட்டடங்கள் இன்றும் உயிரோடிருப்பதையும் அவர்களே சொல்லுவார்கள். நாம் விளக்க வேண்டியது அதிகமிராது.

நம்முள் சிலர் சொந்த வீட்டில் இருக்கிறோம். பலர் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆண்டுதோறும் ஏறும் வாடகையும், "அடுத்த மாதம் காலி செய்யுங்கள்" என்னும் சொல்லும் தரும் அச்சம் சிறியதன்று. "நமக்கென்று ஒரு வீடு இல்லையே" என்று மனைவி வருந்துவதும், கணவன் பதில் சொல்லாமல் எழுந்து போவதும் நம் இல்லங்களில் நடப்பதே. சொந்த வீடு வேண்டும் என்னும் ஆசையில் தவறில்லை. ஆனால் வீடு இல்லாததால் நாம் சிறியவர்களாகிவிடவில்லை என்பதற்குத் திருமலைப் பிள்ளைச் சாலையே சான்று. எவ்வளவு சிறிய வீடாயினும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரவும், துணையற்ற முதியவரை ஞாயிறு உணவுக்கு அழைக்கவும், வேலைக்கு வரும் பெண்மணிக்கு நாற்காலியில் இடம் தரவும் அதில் இடமுண்டு.

ஆகவே இவ்விடுமுறையில் ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்துகொள்ளுங்கள். குடிநீரும் எலுமிச்சைச் சோறும் கட்டிக்கொள்ளுங்கள். கோட்டைக்குள் செல்வோர் அடையாள அட்டையை மறக்க வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துத் தீர வேண்டும் என்று பிள்ளைகளை விரட்டவும் வேண்டாம். நான்கு வீடுகளை நன்றாகப் பார்த்தால் போதும். அண்டை வீட்டுக் குழந்தைகளில் வெளியே போக வாய்ப்பில்லாத ஒருவரையேனும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.